நொய்யலுக்குச் சேர வேண்டிய பாக்கி

பாசனத்துக்கு அணை கட்டிக்கொடுங்கள் என்று குடியானவர்கள் அரசாங்கத்தை வேண்டுவது உலக வழக்கம். கட்டி முடித்த அணையில் தண்ணீரைத் தேக்க வேண்டாம், தேக்கியதை எங்கள் வாய்க்காலில் திறந்துவிடவும் வேண்டாம் என்று ஆயக்கட்டுக்காரர்களே மன்றாடிய விபரீதம் நம் கொங்கு நாட்டில் நடந்தது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில், நொய்யலின் குறுக்கே ஏறத்தாழ 16 கோடி ரூபாய்ச் செலவில் கட்டப்பட்டு, 1992இல் பாசனத்துக்கு வந்த அணை அது. ஈரோடு, கரூர்ப் பக்கங்களில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பூமிக்கு நீர் வார்க்க வேண்டிய அந்த நீர்த்தேக்கம், சில ஆண்டுகளுக்குள்ளாகவே, திருப்பூரின் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் கழித்துவிட்ட தண்ணீர் வந்து நிற்கும் தொட்டியாக மாறிப்போயிற்று. அரசாங்கம் பொதுப் பணத்தைச் செலவிட்டுக் கட்டிய அணை, பட்டறைகளின் கழிவுக்குக் காசில்லாத கிடங்காக அமைந்துவிட்டது என்பதைத் தவிர அதன் சரித்திரத்தில் விவசாயிக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை.

வியாபாரமும் கைத்தொழிலும் சமூகத்துக்குக் கடமைப்பட்டவை என்பதை இன்று எந்த முதலாளியும் மறுத்துப் பேசுவதில்லை. பெரிய ஸ்தாபனங்கள் ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிடும் அறிக்கைகளில் கணக்குப் பக்கங்களுக்கு இணையாக, ஏன், சில சமயம் அவற்றையும் மிஞ்சி, மரக்கன்றுகளும் பள்ளிக்கூடங்களும் மருத்துவ முகாம்களும் இடம்பெறுகின்றன. ஆயினும் இந்தக் கடமையில் இரண்டு பகுதிகள் உண்டென்பதும், ஒன்றைச் செய்தவர் மற்றதையும் செய்துவிட்டதாக எண்ணி ஓய்ந்துவிடுகிறார் என்பதும் என் அபிப்பிராயம். தான் செய்யும் தீங்கு இனித் தொடராதபடி தொழிலைத் திருத்தியமைத்துக்கொள்வது ஒரு பகுதி. இதுவரை செய்த தீங்குக்கு, அதை அனுபவித்தவனின் முன்னால் நின்று பதில் சொல்லி, அவனுக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பது மற்றொரு பகுதி. திருப்பூர் முதலாவதை, உலகத்தில் வெகு சில தொழில் நகரங்களே செய்திருக்கக்கூடிய அளவுக்குச் செய்து காட்டியிருக்கிறது. இரண்டாவது இன்னும் பாக்கி நிற்கிறது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயமுத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே தாங்கிய நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் சேரும் இந்த ஆறு, பெரிய ஆறன்று. மழை பெய்தால் ஓடும், மற்ற மாதங்களில் மணலாய்க் கிடக்கும். முன்னோர்கள் இதன் சுபாவத்தை அறிந்துதான் ஓடும் நாளில் ஓடும் நீரைப் பிடித்துவைக்க வழிநெடுகக் குளங்களையும் அணைக்கட்டுகளையும் அமைத்தார்கள். கலந்த அழுக்கைக் கரைத்து அடித்துக்கொண்டு போகும் வேகமோ கனமோ இல்லாத இப்படிப்பட்ட ஆற்றின் கரையில்தான், வெள்ளைப் பனியன் தைத்து உள்நாட்டில் விற்றுவந்த ஊர், 1980களில் வெளிநாட்டு வியாபாரிகள் கேட்ட வண்ண வண்ண ஆடைகளை ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. வெள்ளைப் பனியனுக்குச் சலவை போதும். வண்ணத்துக்குச் சாயம் வேண்டும், சாயத்துக்கு உப்பு வேண்டும். நொய்யலின் துன்பத்துக்கெல்லாம் மூலம் அந்த உப்புதான்.

இதைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் சாயக்கழிவு என்றவுடன் சிவப்பும் நீலமுமாக ஓடும் ஆற்றையே எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், நிறத்தைக் காட்டிலும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றே அதிகம் கெடுத்தது என்பது பலருக்குத் தெரியவில்லை. பருத்தித் துணிக்குப் போடும் ரீஆக்டிவ் சாயமும் பருத்தி இழையும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று விலக்கும் இயல்புடையவை. அந்த விலகலை அடக்கிச் சாயத்தை இழையின் பக்கம் தள்ளுவதற்காகச் சோற்றுப்பையும் கிளாபர் உப்பையும் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். அடர்ந்த நிறம் வேண்டுமென்றால் லிட்டருக்கு ஐம்பது, அறுபது கிராம் உப்பு என்பது பட்டறையில் சர்வசாதாரணம். நூறு கிலோ துணியை ஆயிரம் லிட்டர் தண்ணீரில் நனைத்துச் சாயமேற்றும் ஒரு மெஷினில், அந்தக் கணக்குப்படி ஒரே தடவைக்கு அறுபது கிலோ உப்பு கரைகிறது. வின்ச் என்னும் பழைய மெஷினில் தண்ணீரும் அதிகம், உப்பும் அதிகம். சாயமாவது பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்போ ஒரு குன்றிமணியும் துணியில் ஒட்டாமல், அடுத்தடுத்து அலசும் தண்ணீரோடு அவ்வளவும் வெளியே வந்துவிடும்.

முதலில் ஏற்பட்ட சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் கலந்து நிறத்தை வண்டலாகப் படியவைத்துவிட்டு, மேலே தெளிந்து நின்ற தண்ணீரை ஆற்றில் விட்டார்கள். கண்ணாடி டம்ளரில் பிடித்துக் காட்டினால் குறை சொல்ல முடியாதபடி தெளிவாயிருந்த அந்தத் தண்ணீரில், கரைந்த உப்பு போட்டது போட்டபடியே இருந்தது. கழிவுநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. விதி புத்தகத்தில் இருந்தது, உப்பு கிணற்றில் இறங்கியது.

உப்பேறிய கிணற்றுத் தண்ணீரைத் தென்னைக்குப் பாய்ச்சினால் மரம் உடனே சாவதில்லை. முதலில் அடிமட்டைகளின் ஓலை நுனி தீய்ந்ததுபோல் காய்ந்துவரும். பாளை வெடித்தாலும் குரும்பை உதிரும். நின்ற காய் சிறுத்துப்போகும். வாய்க்கால் ஓரத்திலும் பாத்தியின் விளிம்பிலும் வெயிலேற ஏற வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் உப்பைக் காலால் தேய்த்துப் பார்க்கலாம். மஞ்சளும் வாழையும் அவ்வளவு காலம்கூடத் தாங்குவதில்லை. தொட்டியில் நிரப்பிய தண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்போது, வீட்டில் குடிப்பதற்கும் அந்தத் தண்ணீர் ஆகாது என்பதைக் குடியானவன் தெரிந்துகொள்கிறான். கிணறு கெட்ட பூமியை நல்ல விலைக்கு வாங்குவாரும் இல்லை, அதன்பேரில் மனமுவந்து கடன் கொடுப்பாரும் இல்லை. அந்தத் தோட்டத்துக்காரனின் மகன், தன் தகப்பனின் கிணற்றைக் கெடுத்த அதே ஊருக்குப் பஸ் ஏறி, பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போதுதான் இந்த அநீதியின் முழு உருவமும் விளங்குகிறது.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் சங்கமாகச் சேர்ந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் பிறந்த தீர்ப்பு, 2007 ஜூலை முடிவதற்குள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாத ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்றும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் முதலில் 6 பைசா, பிறகு 8 பைசா, பிறகு 10 பைசா என்று கட்டிவர வேண்டும் என்றும் விதித்தது. கழிவுநீருக்கு லிட்டர்க் கணக்கில் விலை குறித்த இந்த உத்தரவை நான் மிகவும் மதிக்கிறேன். ஆற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு, அந்தக் கணக்கில் பற்று எழுத ஒருவர் இருக்கிறார் என்பதைத் தொழிலுக்கு அது உணர்த்தியது. பட்டறைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 2009 அக்டோபரில் அங்கும் தோற்று, மூன்று மாத அவகாசம் மட்டும் பெற்றுத் திரும்பினார்கள். அவகாசம் கழிந்தும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள், சலவைப்பட்டறைகள், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் யாவற்றையும் மூடி, மின்சாரத்தைத் துண்டிக்க உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

அப்போது எழுந்த கூக்குரல் பலருக்கு நினைவிருக்கும். ஊரே அழிந்துவிடும், ஆர்டர்கள் வங்காளதேசத்துக்கும் சீனாவுக்கும் போய்விடும், லட்சக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நிற்கும் என்றார்கள். கஷ்டம் வந்தது உண்மை. சாயம் போட இடமில்லாமல் துணி லாரியேறி வெளியூர்களுக்குப் போயிற்று, வேலையிழந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊர் திரும்பினார்கள், சில பேராசைக்காரர்கள் வேறு மாவட்டங்களின் ஆற்றங்கரைகளில் அனுமதியில்லாத பட்டறைகளைத் திறந்து அந்த ஆறுகளையும் கெடுத்தார்கள். ஆனால் தொழில் அழியவில்லை. சவ்வின் ஊடே தண்ணீரை அழுத்திப் பிரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம், மிஞ்சிய உவர்நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் எவாபரேட்டர், உப்பைத் திரும்ப எடுக்கும் அமைப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக நிறுவி, அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உவர்நீரையே மறுபடி சாயத்தொட்டிக்குப் பயன்படுத்தலாம் என்று நிரூபித்து, அரசாங்கம் கொடுத்த ஏறத்தாழ 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனின் உதவியோடு மற்ற நிலையங்களும் படிப்படியாகத் திறந்தன. இன்று திருப்பூரின் சாயப்பட்டறையில் ஓடும் தண்ணீரில் பெரும்பங்கு, முன்பு ஓடியதே திரும்பி வந்த தண்ணீர். ஊரின் ஏற்றுமதியோ மூடலுக்கு முன்பிருந்ததைக் காட்டிலும் பன்மடங்கு பெருகி, ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டி நிற்கிறது.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது, முடியாது என்று தொழில் சொன்னதெல்லாம் முடியாததன்று, அவசியம் நேராததுதான். சாதுரியமும் மூலதனமும் அந்த ஊரில் எப்போதும் இருந்தன. தண்ணீரை வெளியே விடுவது இலவசமாயிருந்த வரையில் அவற்றைச் செலவிடக் காரணம் இருக்கவில்லை. அந்த இலவசத்தின் விலையை ஒரத்துப்பாளையத்துக்காரன் கட்டிக்கொண்டிருந்தான். திருப்பூர்க்காரர்களின் உழைப்பிலும் துணிவிலும் எனக்கு அபார மரியாதை உண்டு. அந்த மரியாதையினாலேயே சொல்கிறேன், அணை திறந்த 1992க்கும் மின்சாரம் துண்டிக்கப்பட்ட 2011க்கும் இடையே போன பத்தொன்பது ஆண்டுகளில் பாதியையாவது அவர்கள் மிச்சப்படுத்தியிருக்கலாம்.

பழியை முழுதும் சாயப்பட்டறைக்காரர் தலையில் சுமத்திவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வதும் நியாயமாகாது. திருப்பூரின் தொழில் முறை ஜாப் ஒர்க் முறை: துணி ஏற்றுமதியாளருடையது, அதில் ஏறும் நிறத்தைத் தீர்மானிப்பவர் அந்நிய நாட்டு வியாபாரி, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு சாயம் போட்டுக் கொடுப்பவர்தான் பட்டறைக்காரர். ஆதாயத்தின் பெரும்பங்கு மேலே போக, வழக்கும் அபராதமும் சுத்திகரிப்புக் கடனும் கீழே தங்கின. ஆர்.ஓ.வுக்கும் எவாபரேட்டருக்கும் எரிபொருளும் மின்சாரமுமாகப் பெருந்தொகை செலவாகிறது. அந்தச் செலவை விலையில் ஏற்றிக் கேட்டால், கழிவை ஆற்றில் விடும் வேறொரு நாட்டின் விலையைக் காட்டிப் பேரம் பேசும் வியாபாரியே, தன் கடையின் சுவரில் இயற்கையைக் காப்போம் என்று எழுதிவைக்கிறார். ஜெர்மனியில் 2023 முதல், சரக்கு வாங்கும் பெரிய கம்பெனிகள் தங்களுக்குச் சரக்கு தரும் இடங்களில் நடப்பதைக் கவனித்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் அதைப் போன்ற ஒன்றை ஏற்று, அடுத்த ஆண்டிலேயே அமல் தேதியைத் தள்ளிவைத்தது. கேள்வித்தாள்கள் பக்கம் பக்கமாக வருகின்றன, தணிக்கைக்காரர்கள் வந்து போகிறார்கள். கிலோவுக்கு நாலு ரூபாய் கூடுதலாகத் தருகிறேன், இது தண்ணீரைச் சுத்தம் செய்ததற்கு என்று சொல்லும் பில்தான் வருவதில்லை.

இனி அந்தக் கடமையின் இரண்டாவது பகுதியான பழைய பாக்கிக்கு வருகிறேன். வேலூர்ப் பிரதேசத்துத் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்தது குறித்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே கொடுக்க வேண்டும் என்ற நியதியை இந்நாட்டுச் சட்டத்தின் அங்கமாக்கியது. கெட்ட நிலத்தை அளந்து நஷ்டஈடு நிர்ணயிக்க ஓர் ஆணையத்தையும் ஏற்படுத்தச் செய்தது. அந்த ஆணையம் நொய்யல் விவசாயிகளின் முறையீட்டையும் ஆராய்ந்து, 28,000க்கும் மேற்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் தர வேண்டும் என்று 2004இல் தீர்மானித்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாயும் தேறவில்லை. கிணறு கெட்டு, தோப்பு காய்ந்து, பூமியின் விலை விழுந்து, மகன் கூலிக்குப் போனதற்கெல்லாம் சேர்த்து அதுதான் பிரதிபலன். வேலூரிலோ, 1996இல் வென்ற வழக்குக்கு மிச்ச நிவாரணம் தேடி ஜனங்கள் மறுபடி உச்ச நீதிமன்றம் போக, 2025 ஜனவரியில்தான், அரசாங்கம் முதலில் நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டுத் தொழிற்சாலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்ற உத்தரவு பிறந்தது. இடையில் ஒரு தலைமுறை போய்விட்டது.

கம்பெனிகள் சட்டம் 2013இல் திருத்தி எழுதப்பட்டபோது, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ சொத்தோ விற்பனையோ உள்ள கம்பெனிகள், மூன்றாண்டு சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்று விதித்தார்கள். நல்ல விதிதான், பல பள்ளிக்கூடங்கள் அதனால் கழிப்பறை கண்டிருக்கின்றன. ஆனால் அதைக் கொண்டு பதில் சொல்லியாயிற்று என்று எந்தக் கம்பெனியும் நினைக்க இடமில்லை. தான் அன்றாடம் நடத்தும் தொழிலைச் சார்ந்த செலவை இந்த இரண்டு சதவிகிதத்தில் சேர்க்கக் கூடாதென்று விதியே சொல்கிறது. தன் கழிவைத் தான் சுத்தம் செய்வது உபகாரமாகாது என்பதே அதன் தாத்பரியம். தவிர, திருப்பூரைப் போன்ற ஊர்களில் சாயம் போடுகிற சிறு பட்டறைகள் இந்த விதியின் எல்லைக்குள்ளேயே வருவதில்லை. கல்விக்கும் வைத்தியத்துக்கும் கொடுப்பவரை வணங்கலாம். அந்தக் கொடையின் ரசீதைக் காட்டிக் கிணற்றுக்காரனின் கணக்கை அடைக்க முடியாது. இனிமேல் கடன் வாங்கமாட்டேன் என்று ஒருவன் சத்தியம் செய்து அதைக் காப்பாற்றியும்விட்டால் அவன் யோக்கியன்தான். ஆனால் பழைய கடன் அதனால் தீர்ந்துவிடாது.

அந்தப் பழைய கடனைத் தீர்க்கச் சொன்னால் இரண்டு ஆக்ஷேபங்கள் சொல்வார்கள். அன்று கெடுத்த பட்டறைகளில் பல இன்று இல்லை, புதிதாக வந்தவர் ஏன் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. பட்டறைகள் மாறியிருக்கலாம், தொழிலும் ஊரும் மாறவில்லை, அந்த இருபது ஆண்டு இலவசத்தில் சேர்ந்த மூலதனமும் பெயரும் இன்றைய வியாபாரத்தின் அஸ்திவாரமாகவே நிற்கின்றன. ஏற்கெனவே சுத்திகரிப்புச் செலவால் நசுங்கியிருக்கும் தொழில் இன்னும் எவ்வளவு தாங்கும் என்பது மற்றொன்று. இதற்குக் கணக்கே பதில் சொல்லும். முப்பதாயிரம் கோடி ரூபாய் ஏற்றுமதியில் ஆயிரத்துக்கு ஒரே ஒரு ரூபாய் எடுத்துவைத்தால் ஆண்டுக்கு முப்பது கோடி ஆகிறது. 2004இல் இருபத்தெட்டாயிரம் பேருக்கு என்று நிர்ணயித்த மொத்தத் தொகையைக் காட்டிலும் அது அதிகம். அதைப் பட்டறைக்காரரின் கூலியில் பிடிக்காமல், ஏற்றுமதி பில்லின் தலையிலேயே, வாங்குகிறவரும் விற்கிறவரும் பாதிப் பாதியாக ஏற்கும்படி செய்துவிட்டால், சிறியவர் யாரும் நசுங்கமாட்டார்.

அந்தப் பணத்தைக் கொண்டு செய்ய வேண்டியவை அநேகம். ஒரத்துப்பாளையம் அணையின் அடியில் படிந்த வண்டலை முறைப்படி அகற்ற வேண்டும். ஆயக்கட்டுக் கிணறுகளை ஆண்டுக்கு இரண்டு தடவை சோதித்து, முடிவை அந்தந்தக் கிணற்றுக்காரருக்குத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். சோடியம் ஏறிய பூமிக்கு ஜிப்சம் இட்டு, நல்ல நீர் பாய்ச்சிக் கழுவி மீட்க வேண்டும். குடிநீர் கெட்ட கிராமங்களுக்குக் காவிரித் தண்ணீர் தவறாமல் போக வேண்டும். சுத்திகரிப்பு நிலையங்களில் ஓடும் மீட்டர்களின் கணக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கம்ப்யூட்டருக்குப் போவதோடு நில்லாமல், ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊராட்சி அலுவலகங்களின் சுவரிலும் அன்றாடம் எழுதப்பட வேண்டும்; மழை பெய்யும் ராத்திரிகளில் எவரேனும் குழாயைத் திறந்துவிட்டால் முதலில் தெரிந்துகொள்ளும் உரிமை அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் உண்டு.

இதையெல்லாம் செய்ய மறுபடியும் ஒரு வழக்கு, மறுபடியும் ஒரு மூடல் உத்தரவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. திருப்பூரின் ஏற்றுமதியாளர் சங்கத்தாரையும் சாயப்பட்டறைச் சங்கத்தாரையும் மாநில அரசாங்கத்தையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: ஆயக்கட்டுதாரர்களை எதிர்க்கட்சிக்காரர்களாக நினைப்பதை விட்டு, அவர்களில் பாதிப் பேர் உறுப்பினராக உட்காரும் ஒரு நிதியை இந்த ஆண்டே தொடங்குங்கள், ஆயிரத்துக்கு ஒரு ரூபாயை முதல் பில்லிலிருந்தே எழுதுங்கள், அதன் முதல் கூட்டத்தை ஒரத்துப்பாளையத்தில் நடத்துங்கள்.